சூறாவளிக்கு முந்திய சில மணி நேரம்



மதீனாவில் குளிரும் காற்றும் மழையும் மிகுந்த இரவுகளில், பாங்கு சொல்பவர் வழக்கமான அழைப்போடு இன்னொரு செய்தியையும் சேர்த்துச் சொல்லுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்திருந்தார்கள். மக்கள் தத்தம் இருப்பிடங்களிலேயே தொழுதுகொள்ளலாம் என்பதே அச்செய்தி. பின்னொரு காலத்தில், மழையினால் வீதிகள் சேறாகிக் கிடந்த ஒரு வெள்ளிக்கிழமையன்று, இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் தமது முஅத்தினைக் கொண்டு, தொழுகைக்கு அழைக்கும் வாசகத்துக்குப் பதிலாக இந்த அறிவிப்பையே சொல்லச் செய்தார்கள். கூடியிருந்தோர் வியப்படைந்தபோது, தம்மிலும் சிறந்தவர் செய்ததையே தாமும் செய்ததாகவும், மக்களைச் சேற்றில் நடக்கவைப்பதைத் தாம் விரும்பவில்லை என்றும் விளக்கமளித்தார்கள்.

மழைக்காலச் சலுகை பற்றிய சட்டமாகவே இந்நிகழ்ச்சி நம்மிடையே ஓதப்பட்டு வந்துள்ளது. அது சரியே. ஆயினும் அதனுள் இன்னொரு செய்தியும் அடங்கியுள்ளது. பள்ளிவாசலிலிருந்து எழும் குரல் வானிலையைக் கவனித்தது. மக்களின் உயிரையும் உடலையும் கருதித் தனது வாசகத்தையே மாற்றிக்கொண்டது. இன்று நமது மஹல்லாக்களில் ஒவ்வொரு பள்ளிவாசலிலும் ஒலிபெருக்கி உண்டு. ஜனாஸா அறிவித்தல் அதில் ஒலிக்கிறது. காணாமற்போன ஆட்டைப் பற்றிய அறிவித்தலும் சில ஊர்களில் ஒலிக்கிறது. சூறாவளி வருகின்றது, இன்னின்ன வீதிகளில் உள்ளோர் இப்போதே புறப்படுங்கள் என்ற அறிவித்தல் ஒலிக்க வேண்டிய நாளில் அதனை யார் சொல்வது, யாரிடம் கேட்டுச் சொல்வது, மின்சாரம் நின்றுவிட்டால் எதனைக் கொண்டு சொல்வது என்பவற்றை முன்கூட்டியே தீர்மானித்து வைத்துள்ள நிருவாக சபைகள் எத்தனை?

இக்கட்டுரை அந்தச் சில மணி நேரத்தைப் பற்றியதே. எச்சரிக்கை காதில் விழுவதற்கும் கால் வாசற்படியைத் தாண்டுவதற்கும் இடைப்பட்ட நேரத்திலேதான் பெரும்பாலான உயிர்கள் இழக்கப்படுகின்றன.

நமது கிழக்குக் கரைக்கு இது புதிய செய்தியன்று. 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை இன்றைய பாட்டன்மாரும் பாட்டிமாரும் நேரிலே கண்டவர்கள். 900க்கும் மேற்பட்டோர் அதில் உயிரிழந்தனர். மாவட்டத்தின் தென்னந்தோட்டங்களிற் பெரும்பகுதி ஒரே இரவில் சாய்ந்தது. தென்னை நட்டுக் காய் பறிக்க ஆறேழு வருடங்கள் செல்லும் என்பதை எண்ணிப் பார்த்தால், அவ்விரவின் நட்டம் எத்தனை வருடம் நீடித்தது என்பது விளங்கும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலும் நம் நாட்டின் வடபகுதியைக் கடந்தே சென்றது. 2000 டிசம்பரில் ஒரு சூறாவளி திருகோணமலைப் பகுதியைத் தாக்கியது. வங்காள விரிகுடாவின் சூறாவளிகளுக்கு இரண்டு பருவங்கள் உண்டு. சித்திரை வைகாசியில் எழுபவை பெரும்பாலும் வடக்கு நோக்கிச் செல்பவை. ஐப்பசி முதல் மார்கழி வரை எழுபவையே நமது கிழக்குக் கரையை நாடுபவை. பிள்ளைகளுக்கு வருடத் தவணைப் பரீட்சை நெருங்கும் காலம், வயல்களில் பெரும்போக விதைப்பு முடிந்த காலம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

வங்காளத்தில் கற்ற பாடம்

இதே விரிகுடாவின் வடமுனையில், நம்மைப் போன்றே கடலை நம்பி வாழும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள ஒரு நாடு இருக்கிறது. இன்று பங்களாதேஷ் எனப்படும் அந்நிலத்தில் 1970 நவம்பர் 12ஆம் திகதி இரவு வீசிய சூறாவளியில் 3 இலட்சம் முதல் 5 இலட்சம் வரையான மக்கள் மாண்டனர். உலக வரலாற்றிலேயே இதைவிட அதிக உயிர்களைக் கொன்ற சூறாவளி பதிவாகவில்லை. விரிகுடா அங்கே புனல்போல ஒடுங்குகிறது, கடலும் ஆழமற்றது, நிலமோ கடல் மட்டத்துக்குச் சற்றே மேலே உள்ள ஆற்று வண்டல். காற்று கடலை நிலத்தின்மேல் தள்ளியபோது ஒதுங்குவதற்கு ஒரு மேடு இருக்கவில்லை.

1991 ஏப்ரல் 29ஆம் திகதிச் சூறாவளியில் ஏறத்தாழ 1,38,000 பேர் இறந்தனர். 2007 நவம்பரில் வீசிய 'சித்ர்' சூறாவளியில் இறந்தோர் சுமார் 3,400 பேர். 2020 மே மாதத்தில் 'அம்பான்' வந்தபோது 20 இலட்சத்துக்கும் அதிகமானோர் முன்கூட்டியே இடம்பெயர்க்கப்பட்டனர். அந்நாட்டில் உயிரிழப்பு சில பத்துகளுக்குள் அடங்கியது. சூறாவளிகள் ஒன்றுக்கொன்று சமமானவை அல்ல என்பதை ஒப்புக்கொள்வோம். ஆனால் சித்ர் வலிமையில் 1991இன் சூறாவளிக்குப் பெரிதும் பிந்தியதன்று. கடலோ காற்றோ மனம் மாறிவிடவில்லை. மாறியது மக்களின் ஆயத்தமே.

அந்த ஆயத்தம் எவ்வாறு அமைந்தது? 1972இல் அங்கே சூறாவளி ஆயத்தத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. அரசாங்கமும் செம்பிறைச் சங்கமும் சேர்ந்து நடத்தும் இத்திட்டத்தில் இன்று 70,000க்கும் அதிகமான தொண்டர்கள் உள்ளனர். அவர்கள் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டவர்கள் அல்லர். அந்தந்தக் கிராமத்து இளைஞர்களும் யுவதிகளுமே. கையிலே ஒரு ஒலிபெருக்கி, ஒரு வானொலிப் பெட்டி, சில செங்கொடிகள். அபாயம் கூடக்கூட ஏற்றப்படும் கொடிகளின் எண்ணிக்கையும் கூடும். எழுத்தறியாத முதியவருக்கும் அது விளங்கும். தூண்கள் மீது உயர்த்திக் கட்டப்பட்ட பல்லாயிரம் பேர் ஒதுங்கத்தக்க கட்டடங்கள் கரையோரமெங்கும் எழுந்தன. மற்ற நாட்களில் அவை பெரும்பாலும் பாடசாலைகளாக இயங்கும். கால்நடைகளை விட்டுவிட்டு வரமாட்டோம் என்று மக்கள் அடம்பிடித்ததைக் கண்டு, மாடுகளுக்கென உயர்ந்த மண்மேடுகளும் அமைக்கப்பட்டன. மாட்டுக்கும் இடம் உண்டு என்று தெரிந்த பின்னரே பல குடும்பத் தலைவர்கள் வீட்டை விட்டு அசைந்தார்கள். ஏழையின் மாடு அவனது வங்கிக் கணக்கு என்பதை அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு இது.

இனி, மிகவும் கசப்பான ஒரு விடயம். 1991ஆம் ஆண்டுச் சூறாவளியில் 20 முதல் 44 வயது வரையானோரிடையே இறப்பு விகிதம் ஆயிரம் பெண்களுக்கு 71 எனவும், ஆயிரம் ஆண்களுக்கு 15 எனவும் கணிக்கப்பட்டது. ஏன் இந்த வேறுபாடு? எச்சரிக்கை சந்தையிலும் தேநீர்க் கடையிலும் ஆண்களின் காதுக்கே முதலில் எட்டியது. பெண்கள் கணவன் வரும்வரை காத்திருந்தார்கள். அவனது அனுமதியின்றி வெளியேறுவது முறையன்று எனக் கருதினார்கள். கையிலும் இடுப்பிலும் பிள்ளைகளைச் சுமந்திருந்தார்கள். ஒதுங்கிடக் கட்டடத்தில் பெண்களுக்கெனத் தனியிடமும் மலசலகூடமும் இருக்கவில்லை. அந்நிய ஆண்களின் நெரிசலுள் இரவைக் கழிப்பதைவிட வீட்டிலிருப்பதே மேல் என எண்ணினார்கள். அந்த எண்ணத்தை நாம் ஏளனம் செய்யலாகாது. வெட்கம் என்பது ஈமானின் ஒரு கிளையென நமக்குப் போதிக்கப்பட்டுள்ளது. குற்றம் அவர்களுடைய வெட்கத்தில் இல்லை; அந்த வெட்கத்துக்கு ஒரு அறையும் ஒரு கதவும் ஒதுக்கத் தவறியவர்களிடமே இருந்தது. பின்னர் கட்டப்பட்ட ஒதுங்கிடங்களில் பெண்களுக்குத் தனியறைகள் சேர்க்கப்பட்டன. தொண்டர்களில் இன்று சரிபாதியினர் பெண்களே. பெண் தொண்டர் ஒருவர் அடுப்படி வரை சென்று, புறப்படுங்கள் என்று சொல்லலாம். ஆண் தொண்டரின் குரல் வேலியோடு நின்றுவிடும்.

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில் நமது அம்பாறை மாவட்டத்திலும் ஆண்களை விடப் பெண்களும் சிறு பிள்ளைகளுமே அதிகமாக உயிரிழந்தனர். ஆகவே நிருவாக சபையினரிடம் நாம் கேட்பது இதுதான்: உங்கள் பள்ளிவாசல் அல்லது மத்ரஸா மாடியில் ஓர் இரவு தங்குவதற்கு 50 பெண்கள் குழந்தைகளோடு வந்தால், அவர்களுக்குரிய அறை எது? மலசலகூடம் எது? அதன் திறப்பு யாரிடம் உள்ளது? பெண்களுக்குத் தொழுமிடம் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்தை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். வெள்ளம் அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்காது.

போன முறை ஒன்றும் நடக்கவில்லையே

எச்சரிக்கை கேட்டும் வீட்டிலிருப்போர் சொல்லும் காரணங்களில் இரண்டு நம்மிடையே மிகவும் பரவலானவை. ஒன்று, அல்லாஹ் விதித்ததுதான் நடக்கும் என்பது. அது உண்மையே, ஆனால் அவ்வுண்மையிலிருந்து வீட்டிலேயே இருந்துவிட வேண்டும் என்ற முடிவு பிறப்பதில்லை. ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் வைக்கலாமா என்று வினவியவருக்கு, முதலில் கட்டிவிட்டுப் பின்னர் தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி நம் பிள்ளைகளுக்கும் தெரியும். ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியிருப்பதைக் கேள்வியுற்று உமர் (ரழி) அவர்கள் பாதி வழியில் திரும்பியபோது, இது விதியிலிருந்து தப்பியோடுவதா என்று அபூ உபைதா (ரழி) அவர்கள் கேட்டார்கள். ஓர் இறைவிதியிலிருந்து இன்னோர் இறைவிதியை நோக்கியே செல்கிறோம் என்பதே கலீஃபாவின் விடையாயிருந்தது. மேட்டு நிலத்துக்கு நடக்கும் கால்களையும் அல்லாஹ்வே படைத்தான்.

இரண்டாவது காரணம் மார்க்கத்தோடு தொடர்பற்றது. ஆயினும் அதிகம் கொல்வது அதுவே. போன முறை போகச் சொன்னார்கள், போனோம், ஒன்றும் நடக்கவில்லை என்பதே அது. 2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் பூமி அதிர்ந்தபோது நமது கரையோர மக்கள் உள்நோக்கிச் சென்றனர். பெரும் அலை வரவில்லை. 2020 டிசம்பரில் 'புரெவி' சூறாவளி அஞ்சிய அளவு தாக்கவில்லை. இவற்றைப் பொய் எச்சரிக்கை என்று சொல்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. சூறாவளி செல்லும் பாதையை வளிமண்டலவியலாளர்கள் ஒரு கோடாக அன்றி, அகன்று விரியும் ஒரு பரப்பாகவே கணிக்கின்றனர். நாட்கள் கூடக்கூட அப்பரப்பும் அகலும். அதற்குள் இருக்கும் பத்து ஊர்களில் எட்டு ஊர்கள் தப்பலாம். எந்த எட்டு என்பதை முன்கூட்டிச் சொல்ல எவராலும் இயலாது. வீண் பயணம் என நீங்கள் நினைக்கும் அந்த இரவு, ஓர் ஒத்திகையாகவாவது பயன்பட்டிருக்கும்.

நினைவை ஒரு சமூகம் பாதுகாத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தோனேசியாவின் ஆச்சே கரைக்கு அப்பாலுள்ள சிமெலுவே தீவு சான்றாகும். 1907இல் அங்கே ஓர் ஆழிப்பேரலை பெரும் அழிவை ஏற்படுத்தியது. அதன்பின் அத்தீவின் முஸ்லிம் மக்கள், நிலம் பலமாக அதிர்ந்து கடல் உள்வாங்கினால் எதனையும் எடுக்காமல் குன்றுக்கு ஓட வேண்டும் என்பதைக் கதையாகவும் தாலாட்டாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். 'ஸ்மோங்' என்பது அப்பேரலைக்கு அவர்கள் வழங்கும் பெயர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி அதிர்வின் மையத்துக்கு மிக அருகிலிருந்தது அத்தீவே; சில பகுதிகளுக்கு அலை பத்து நிமிடத்திலேயே வந்துவிட்டது. சுமார் 78,000 மக்களில் இறந்தோர் 7 பேர் மாத்திரமே. நமக்கோ ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. நாம் இழந்ததோ 30,000க்கும் மேற்பட்ட உயிர்கள். நமக்கு அதிர்வு பலமாக உணரப்படவில்லை. அன்று எச்சரிக்கைக் கட்டமைப்பும் இருக்கவில்லை. எனவே நம் முன்னோரைக் குறைகூற நியாயமில்லை. இன்று இந்து சமுத்திர எச்சரிக்கை முறைமை இயங்குகிறது. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117 என்ற இலக்கத்தில் எந்நேரமும் பதிலளிக்கிறது. கைப்பேசியில் வரும் குரற்பதிவை அடுத்தவருக்கு அனுப்புமுன் அந்த இலக்கத்துக்கு ஓர் அழைப்பு எடுத்துப் பார்க்கலாம். வதந்தியைக் கேட்டு ஒருமுறை ஓடியவர்கள், உண்மையான செய்தி வரும்போது அசையமாட்டார்கள்.

மலையகத்திலும் கீழ்நாட்டிலும் வாழும் வாசகர்கள் இதுவரை சொன்னதைக் கடற்கரைக்காரரின் கவலை என எண்ணியிருக்கலாம். 2025 நவம்பர் இறுதியில் கிழக்குக் கரையால் நுழைந்த 'டித்வா' காற்றின் வேகத்தால் பெரிய சூறாவளியன்று. ஆனால் அது மெல்ல நகர்ந்து பெருமழையைப் பொழிந்தது. உயிரிழந்த 600க்கும் மேற்பட்டோரில் மிகப் பலர் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில், கடலைக் காணாத மலைச்சரிவுகளில் மண்ணுக்குள் புதைந்தவர்கள். சூறாவளி என்றால் காற்று என்று மட்டும் எண்ணியிருந்த நமது எண்ணத்தை அது மாற்றியிருக்க வேண்டும்.

மண்சரிவுக்கு எண் உண்டு. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும். 100 மில்லிமீற்றரானால் புறப்பட ஆயத்தமாக வேண்டும். 150 மில்லிமீற்றரை எட்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தாலோ அபாயச் சரிவில் உள்ளோர் வெளியேறிவிட வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என அறிவிக்கும் எச்சரிக்கைகள் இந்த அளவுகளை ஒட்டியவையே. வாயும் அடியும் ஒரே அகலமுள்ள வெற்றுப் பால்மாப் பேணி ஒன்றை மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் வைத்து, உள்ளே தேங்கிய நீரை அளவுகோலால் அளந்தால் போதும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இதனைச் செய்யலாம். அறிவிப்பு பிரதேச செயலகப் பிரிவுக்குப் பொதுவாக வரும். மழையோ மலைக்கு மலை வேறுபடும். இதனோடு சில அறிகுறிகளையும் கவனிக்க வேண்டும். சுவரிலும் நிலத்திலும் புதிய வெடிப்பு, சாய்ந்துவரும் மரமும் மின்கம்பமும், திடீரென இறுகிப்போகும் கதவு, ஊற்று நீர் கலங்குதல் அல்லது சட்டென வற்றிவிடுதல். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் எண் எட்டும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

புறப்படச் சொல்வது எளிது என்பதையும் மறக்கலாகாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டக் குடியிருப்புகள் மண்ணுக்குள் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானது என 2005இலும் 2011இலும் முன்னறிவிக்கப்பட்டிருந்தது. அங்கு வாழ்ந்தோருக்குச் சொந்தமாக ஒரு பேர்ச் காணியும் இல்லாதபோது அவர்கள் எங்கே போயிருக்க முடியும்? எனவே உங்கள் ஊரில் மேட்டுப் பாங்கான இடத்தில் வீடுள்ளவர், தாழ்விலுள்ள எந்தக் குடும்பம் தம்மிடம் வரும் என்பதை இப்போதே பேசிவைத்துக் கொள்ளட்டும். மதீனாவின் அன்ஸாரிகள் முஹாஜிர்களுக்கு வீட்டில் இடமளித்ததைப் பற்றி நாம் கேட்ட பயான்களுக்குக் கணக்கில்லை.

வீட்டில் பேசவேண்டியவை அதிகமில்லை. எந்த அறிவிப்புக்குப் புறப்படுவது, எந்த வழியால் செல்வது, வாப்பா கடலிலோ கொழும்பிலோ இருந்தால் யாருடைய சொல்லுக்காகவும் காத்திராமல் உம்மாவே முடிவெடுப்பது, நடக்க இயலாத வாப்பும்மாவை யார் தூக்குவது. கடைசியாகக் கூறிய இரண்டையும் கணவன்மார் தம் வாயாலேயே முன்கூட்டிச் சொல்லிவைக்க வேண்டும். அந்த ஒரு வார்த்தை இல்லாமையால் வங்காளத்தில் எத்தனை பெண்கள் வாசலில் நின்றார்கள் என்பதை மேலே கண்டோம். பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், அடையாள அட்டை, காணி உறுதி, வங்கிப் புத்தகம், நாளாந்தம் உட்கொள்ளும் மருந்து ஆகியவை நீர் புகாத ஒரே உறையில் இருக்கட்டும். அவற்றின் படங்களை மத்திய கிழக்கில் தொழில்புரியும் பிள்ளையின் கைப்பேசிக்கு இன்றே அனுப்பிவிடலாம். மூன்று நாளைக்குக் குடிநீர், பேரீச்சம்பழம், பிஸ்கட், ஒரு மின்சூள், மின்கலத்தில் இயங்கும் வானொலி. நீர் வீட்டுக்குள் வருமுன் பிரதான மின் ஆளியை நிறுத்திவிட வேண்டும். வந்தபின் தொடவே கூடாது.

காற்று உச்சத்தில் வீசிக்கொண்டிருக்கையில் சட்டென அமைதி நிலவி, வானம் தெளியக்கூடும். முடிந்துவிட்டது என எண்ணிக் கூரையைச் செப்பமிட வெளியே வருபவர் பலர். அது சூறாவளியின் கண். சிறிது நேரத்தில் காற்று முன்னர் வீசிய திசைக்கு எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தோடு திரும்பும்; முதலில் ஒரு பக்கம் சாய்ந்து ஆட்டங்கண்ட மரமும் சுவரும் இப்போது மறுபக்கமாக விழும். வானொலி அறிவிக்கும்வரை உள்ளேயே இருக்க வேண்டும்.

நீர் வடிந்த பின்

மீட்சியின் முதல் வாரம் பொதுவாக நன்றாகவே நடக்கிறது. பள்ளிவாசலில் சகன் சோறு வருகிறது, பிற ஊர்களிலிருந்து லொறிகள் வருகின்றன, கோயிலிலும் விகாரையிலும் தேவாலயத்திலும் தங்கியோர் ஒருவருக்கொருவர் பகிர்கின்றனர். இதற்காக அல்லாஹ்வைப் புகழ்வோம். இடர் தொடங்குவது லொறிகள் நின்ற பின்னரே.

கிணற்றை எடுத்துக்கொள்வோம். 2004இல் கடல்நீர் புகுந்த கிழக்கின் கிணறுகளை நல்லெண்ணத்தோடு இயந்திரம் பூட்டி மீண்டும் மீண்டும் அடிவரை இறைத்தார்கள். கரையோரத்தில் நன்னீர், உப்பு நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழுள்ள உப்பு மேலெழும். அந்த மண்ணை மெல்ல மெல்லக் கழுவியது பின்வந்த பருவமழைகளே. ஆற்று வெள்ளம் புகுந்த கிணற்றுக்கோ வேறு முறை: அதனைத் துப்புரவு செய்து குளோரின் இட வேண்டும், அளவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லித் தருவார். அதுவரை கொதித்தாறிய நீரே குடிக்க வேண்டும். சேற்றைத் துப்புரவாக்கும் இளைஞர்கள் எலிக்காய்ச்சலுக்குரிய தடுப்பு மருந்தை அவரிடம் கேட்டுப் பெற்ற பின்னரே இறங்கட்டும். சிரமதானத்துக்கு வெறுங்காலோடு செல்வது வீரமன்று.

உதவியும் சில வேளை தவறிவிடும். ஆழிப்பேரலைக்குப் பின் சில கரைகளில் முன்னிருந்ததைவிட அதிகமான சிறு தோணிகள் பங்கிடப்பட்டன. தோணி இல்லாதிருந்தவரும் பெற்றார், வலை பின்னுபவரும் மீன் காய வைக்கும் விதவையும் எதுவும் பெறவில்லை. பழைய உடைகள் குவியல் குவியலாக வந்து மழையில் நனைந்து கிடந்தன. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் நிதியில் எழுந்த 500 வீடுகள் வழக்கிலும் இழுபறியிலும் சிக்கிப் பல வருடங்கள் குடியேற்றமின்றிப் பாழடைந்தன. கொடுப்பவர், என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கொடுப்பதில் கண்ணியம் இருக்கிறது. தையல் இயந்திரத்தை இழந்த பெண்ணுக்கு அதுவே தேவை. பத்தாவது போர்வை அல்ல. ஸகாத், ஸதகா நிதியைப் பகிரும் குழுக்கள், முதல் மாதத்தில் பாதியைச் செலவிட்டு மீதியை நான்காம், ஐந்தாம் மாதத்துக்கென வைத்துக்கொள்வது நன்று. அப்போதுதான் கடன் வாங்கியோரின் தவணைகள் நெருக்கத் தொடங்கும்.

கடைசியாக வீட்டு உரிமை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இது பலரின் கவனத்துக்கு வராமற் போன விடயம். கிழக்கில், முஸ்லிம்களிடையேயும் தமிழரிடையேயும், வீடு பெரும்பாலும் பெண்ணுக்குரியது. பெற்றோர் மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்க, மணமகன் அவ்வீட்டுக்கு வருகிறான். இவ்வழக்கத்திலுள்ள சீதனச் சுமையை நாம் பலமுறை கண்டித்துள்ளோம். ஆயினும் விவாகரத்தானாலும் விதவையானாலும் பெண்ணின் தலைக்குமேல் ஒரு கூரையை அது உறுதிசெய்து வந்தது என்பதையும் மறுக்க முடியாது. ஆழிப்பேரலைக்குப் பின் அரச காணியில் புதிய வீடுகள் வழங்கப்பட்டபோது, படிவத்தில் குடும்பத் தலைவர் என்ற கட்டத்தில் கணவனின் பெயர் எழுதப்பட்டது. மகளின் பெயரில் உறுதி முடித்திருந்த பெற்றோரின் வாழ்நாள் உழைப்பு கடலோடு போனது; புதிய வீடு மருமகனின் பெயரில் எழுந்தது. பல வீடுகளில் அதனால் எத்தீங்கும் நேரவில்லை. மணமுறிவு ஏற்பட்ட வீடுகளில், பெண் தனது வீட்டிலிருந்தே வெளியேற வேண்டியதாயிற்று. எனவே பிரதேச செயலகத்தில் விண்ணப்பம் நிரப்பும் நாளிலேயே இழந்த வீட்டின் உறுதி யார் பெயரில் இருந்தது என்பதை எழுதிக்கொடுத்து, புதிய உரிமை அவர் பெயரிலோ இருவர் பெயரிலோ பதியப்படுமாறு கேட்க வேண்டும். உறுதியின் பிரதி கையில் இல்லையெனில் காணிப் பதிவகத்தில் அதன் பதிவைப் பெறலாம். கிராம உத்தியோகத்தரின் சான்றும், எல்லைக் காணிக்காரர் இருவரின் சத்தியக் கடதாசியும் உடன் இருக்கட்டும். பள்ளிவாசல் நிருவாகம் இதற்கென ஒரு மௌலவியையும் எழுத்து வேலை தெரிந்த ஒரு சகோதரியையும் ஒரு மேசையில் அமர்த்தினால், படிவம் வாசிக்கத் தெரியாத உம்மாமார் அந்த மேசைக்கு வந்து கேட்டு எழுதிக்கொள்வார்கள்.